பாகவதர் கிராப்பும் ஒரு மன்னிப்பும்



இன்றைய பதிவு நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை விடாமல் நடத்துகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். உங்களில் ஒருவர் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். யார் என்பது படித்துக்கொண்டு வரும்போது அவருக்கே தெரிந்துவிடும்.

மே மாத லீவுக்கு என் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். பதினாறு வயது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவனை அழைத்து வரப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் முதுகில் கிடாரை மாட்டிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை நின்றது. "நம்ம பையனைக் காணோமே" என்று அந்தப் பிள்ளையைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து "தாத்தா!" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் பிள்ளைதான் என் பேரன். தோளுக்கு முடி.

என் வாயில் முதலில் என்ன வந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். முப்பத்தாறு வருஷம் காலை வழிபாட்டில் அதைத்தானே சொன்னேன்! "முதல்ல வா, சலூனுக்குப் போவோம்" என்றுதான் வாய் எடுத்தேன். அவன் சிரித்த முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். புசுபுசுவென்று முடி, உதட்டுச் சாயம், கண் மை, மினுமினுக்கும் இறுக்கமான உடை, கையில் கிடார். "யாருய்யா இந்தப் பொம்பளைங்க, இந்தக் கத்து கத்துறாங்க?" என்றேன். "தாத்தா, எல்லாரும் ஆம்பளைங்கதான். இதுக்குப் பேரு கிளாம் மெட்டல். எண்பதுகள்ல அமெரிக்காவையே கலக்கினாங்க" என்றான்.

ஆசிரியன் புத்தி. "சரி, ஆரம்பத்திலேருந்து சொல்லு" என்றேன். அவனுக்கும் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம்.

அவன் சொன்னதன் சுருக்கம் இது. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்.டி.வி. என்ற தொலைக்காட்சி தொடங்கியது. நாள் முழுக்கப் பாட்டுக் காட்சிதான். அதுவரை ரேடியோவிலும் இசைத்தட்டிலும் கேட்ட பாட்டை ஜனங்கள் இப்போது பார்க்க ஆரம்பித்தார்கள். பார்ப்பது என்று வந்துவிட்டால் முடியும் உடையும் முகப்பூச்சும் முக்கியமாகிவிடும் அல்லவா? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் சன்செட் ஸ்டிரிப் என்று ஒரு வீதி. அங்குள்ள கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த குழுக்களுக்கு அடித்தது யோகம். 1983ல் குவையட் ரயட் என்ற குழுவின் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. மெட்டல் வகையில் அந்த இடத்தைப் பிடித்த முதல் தட்டு அதுதான். பின்னாலேயே மோட்லி குரூ, பாய்சன், பான் ஜோவி என்று வரிசையாக வந்தார்கள். 1986ல் வந்த பான் ஜோவியின் தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1989ல் மாஸ்கோவின் லெனின் மைதானத்திலேயே போய்ப் பாடினார்கள். முடியைப் பார்த்துத்தான் அவர்களுக்கு 'ஹேர் பேண்ட்' என்று கேலிப்பெயரும் வைத்தார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாக் கம்பெனியும் அதே மாதிரி ஆளுங்களையே தேடிப் பிடிச்சாங்க. அதே முடி, அதே டிரஸ், அதே மாதிரி பாட்டு. ஜனங்களுக்குச் சலிச்சுப்போச்சு. 1991 செப்டம்பர்ல நிர்வாணான்னு ஒரு குழுவோட ஆல்பம் வந்துச்சு தாத்தா."

பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டேன். புத்தர் சொன்ன நிர்வாணம்தான் என்று விளக்கினான். சியாட்டில் பக்கத்துப் பையன்களாம். கசங்கிய கட்டம் போட்ட சட்டை, வாராத தலை. 1992 ஜனவரியில் அந்த ஆல்பம் மைக்கேல் ஜாக்சனையே தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் மினுமினு உடைக்காரர்கள் பொழுது முடிந்துவிட்டது. அந்தப் பாட்டெல்லாம் பிடிக்கும் என்று வெளியில் சொல்லவே ஆட்கள் வெட்கப்படுகிற நிலைமை வந்ததாம்.

"இப்பக்கூட என் கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க தாத்தா. உனக்கென்ன ரசனைன்னு கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. "டேய், இது எங்க ஊருக் கதைடா. உன் பூட்டன் கதை" என்றேன்.

அந்தக் கதையைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் அன்னவாசல் பக்கம். அப்பா தையல்காரர். 1926ல் பிறந்தவர். பதினெட்டு வயதில் எடுத்த ஒரு புகைப்படம் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் மாட்டியிருந்தது. பின்னங்கழுத்தை மறைத்து, சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டு சுருள் சுருளாக முடி. பாகவதர் கிராப்பு! சின்னப் பிள்ளையில் அதைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். பாகவதர் என்றால் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1910ல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். நாடக மேடையிலிருந்து 1934ல் 'பவளக்கொடி' படத்தின் மூலம் சினிமாவுக்கு வந்தார். 1937ல் வந்த 'சிந்தாமணி' ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், விரல்களில் மோதிரம், பக்கத்தில் வந்தாலே ஜவ்வாது வாசனை என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நேரில் பார்த்தாரோ, கேள்விப்பட்டதைச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது.

ஆனால் அப்பாவின் முதல் தெய்வம் பாகவதர் இல்லை. முடி பாகவதருடையது, உயிர் சின்னப்பாவுக்கு! பி.யு. சின்னப்பா. அந்த 'பி' புதுக்கோட்டை. நம்ம ஊர்க்காரர். 1916ல் இங்கே பிறந்து, சின்ன வயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் பேர் வாங்கியவர். பிற்காலத்தில் முதலமைச்சரான எம்.ஜி.ஆரும் சிறுவனாக இருந்த கம்பெனி அது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் சின்னப்பா ஊருக்குத் திரும்பி, சிலம்பமும் உடற்பயிற்சியுமாக உடம்பைத் தேற்றிக்கொண்டு, பாட்டையும் மறுபடி கற்றுக்கொண்டாராம். குரல் திரும்பி வந்தது. 1940ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம். தமிழ்ப் படத்தில் இரட்டை வேடம் என்பது அதுதான் முதல். பிறகு 'ஆர்யமாலா', கண்ணாம்பாவோடு 'கண்ணகி', 1949ல் மூன்று வேடத்தில் 'மங்கையர்க்கரசி'.

1944ல் வந்த 'ஜகதலப்ரதாபன்' படத்தில் ஒரு காட்சி. பாடுகிறவரும் சின்னப்பா, சுற்றி உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் சின்னப்பா. 1965ல் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி அதே மாதிரி வந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. அப்பா மட்டும் "இதை எங்க சின்னப்பா இருபது வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சாச்சு" என்று பீடியைப் பற்ற வைத்தார்.

சின்னப்பா சம்பாதித்ததை எல்லாம் புதுக்கோட்டையில் வீடுகளாகவே வாங்கினாராம். இப்படியே போனால் ஊரே இவருடையதாகிவிடும் என்று, இனிமேல் சின்னப்பாவுக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று மகாராஜாவே உத்தரவு போட்டதாக ஒரு கதை இங்கே உண்டு. கதையோ நிஜமோ, அதைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மீசை தானாகத் துடிக்கும்.

இரண்டு பேருடைய ரசிகர்களுக்கும் ஆகாது. டீக்கடையில் ஆரம்பித்துக் கைகலப்பில் முடியும். பிற்காலத்து எம்.ஜி.ஆர், சிவாஜி சண்டைக்கெல்லாம் முன்னோடி அது. என் அப்பாவோ பாகவதர் முடியோடு சின்னப்பா பாட்டைப் பாடி இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவர்.

இவர்கள் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று கேட்டால் சிலருக்கு "ஏன் இவ்வளவு உச்சியில் பாடுகிறார்கள்" என்று தோன்றும். அப்பா விளக்குவார். "அது மைக் இல்லாத காலம்டா. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல விடிய விடிய நாடகம். கடைசியில சாக்கு விரிச்சு உக்காந்திருக்கான் பாரு, அவன் காதுலயும் விழணும். நாலரைக் கட்டை, அஞ்சு கட்டையில எடுத்தாத்தான் போய்ச் சேரும்." செங்கோட்டை கிட்டப்பா அப்படித்தான் பாடிப் பேர் வாங்கினார். 27 வயதில், 1933ல், போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போட்ட பாதையில் வந்தவர்கள்தான் பாகவதரும் சின்னப்பாவும்.

1931ல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பித்தபோது, பேசியதைவிடப் பாடியதுதான் அதிகம். ஒரு படத்துக்கு நாற்பது ஐம்பது பாட்டு. ஆகவே பாடத் தெரிந்தவன்தான் நாயகன். மேடையில் இருந்தவர்களைச் சினிமா தூக்கிக்கொண்டு போய் ஊர் ஊராகக் காட்டியது. என் பேரனின் எம்.டி.வி. அமெரிக்காவில் செய்ததை இங்கே டூரிங் டாக்கீஸ் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே செய்துவிட்டது!

அப்பாவும் ஊர்த் திருவிழா நாடகத்தில் பாடியவர்தான். 'வள்ளி திருமணம்' போட்டால் முருகன் வேஷம். அதற்காகத்தான் முடி வளர்த்தார். ஐயாவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, அது பொறுக்கவில்லை. ஐயா தலையில் இருந்தது குடுமி. அவரைப் பொறுத்தவரை கிராப்பு வெட்டிக்கொண்டதே குலத்துக்கு ஆகாத காரியம். அதையும் பொம்பளை மாதிரி வளர்ப்பதா? ஒருநாள் விடியற்காலையில், தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பிக் குளத்துக் கரைக்குக் கூட்டிப் போய், முடி வெட்டுகிறவர் முன்னால் உட்கார வைத்து ஒட்ட வழித்துவிட்டார். அந்த வருஷம் திருவிழாவில் முருகன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு மேடை ஏறினான். சனம் சிரித்ததாம். அப்பா இதைச் சொல்லும்போது தானும் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேச மாட்டார்.

முடி மறுபடி வளர்ந்தது. ஆனால் காலம் மாறத் தொடங்கியிருந்தது.

'ஹரிதாஸ்' வந்த 1944லேயே, டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். வெளியே படம் கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே நாயகன் சிறையில். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல் விடுதலையாகி வெளியே வந்தார். வந்தவர் பழைய பாகவதர்தான். ஜனங்கள் பழைய ஜனங்கள் இல்லை. 1948ல் 'ராஜமுக்தி' எடுபடவில்லை. அதன் பிறகு வந்தவையும் தூக்கி நிறுத்தவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி, ஐம்பது வயது முடியும் முன்பே காலமானார்.

வழக்கு மட்டும்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சின்னப்பா மேல் எந்த வழக்கும் இல்லை. அவர் காலமும் முடியத்தான் போகிறது என்பதற்கு அடையாளங்கள் அப்போதே தெரிந்தன. ஒன்று, மைக். மைக் வந்த பிறகு கடைசி வரிசைக்காகக் கத்த வேண்டிய அவசியம் இல்லை. மெதுவாகப் பாடினாலும் கேட்கும். இரண்டு, பின்னணிப் பாட்டு. ஒருவர் நடிக்க, இன்னொருவர் பாடலாம். நாயகனுக்குப் பாடத் தெரிய வேண்டியதில்லை. மூன்று, வசனம். 1949ல் அண்ணாவின் 'வேலைக்காரி', 1950ல் 'மந்திரிகுமாரி', 1952 தீபாவளிக்குக் கலைஞர் வசனத்தில் 'பராசக்தி'. புராணக் கதையில் ராஜா பாடிக்கொண்டே இருந்ததைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு, கோர்ட்டில் நின்று நாட்டு நடப்பைப் பேசுகிற குணசேகரன் புதிதாக இருந்தான். சியாட்டில் பையன்கள் கசங்கிய சட்டையோடு வந்தது மாதிரிதான்.

'பராசக்தி' வந்த பிறகு எங்கள் ஊரில் பையன்கள் கண்மாய்க் கரையில் நின்று வசனம் பேசிப் பழகினார்களாம். திருவிழா நாடகத்திலும் சீர்திருத்த நாடகம் போட ஆரம்பித்தார்கள். அப்பாவைக் கூப்பிட்டார்கள், உடை தைப்பதற்கு.

சின்னப்பா அதையெல்லாம் பார்க்கவில்லை. 1951 செப்டம்பர் 23ஆம் தேதி, 35 வயதில், புதுக்கோட்டையில் திடீரென்று காலமாகிவிட்டார். சேதி கேட்டதும் அப்பா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்கு நடந்தே போனார். திரும்பி வந்தவர் மூன்று நாள் கடை திறக்கவில்லை என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார்.

மேடை போன பிறகும் அப்பா பாட்டை விடவில்லை. தையல் மெஷின் மிதிக்கும்போது பாடுவார். விடியற்காலையில் கிணற்றடியில் குளிக்கும்போது நல்ல உச்சியில் எடுப்பார். அது தெருக்கோடி வரை கேட்கும். இலங்கை வானொலியில் பழைய பாட்டு வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு ரேடியோவின் பக்கம் காதைக் கொண்டுபோவார்.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, 1972 இருக்கும், எனக்கு டி.எம்.எஸ்ஸும் எஸ்.பி.பி.யும்தான் பாட்டு. டி.எம். சௌந்தரராஜன் தன் முதல் பாட்டை பாகவதர் சாயலில் பாடித்தான் சினிமாவுக்குள் வந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதை வந்திருக்குமோ என்னவோ. கூடப் படித்த பையன்கள் எங்கள் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவார்கள். ஒருநாள் ஒருத்தன் வகுப்பில் எழுந்து, அப்பா பாடுவதை வெள்ளாடு கத்துவது மாதிரி பாடிக் காட்டினான். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு, அப்பாவிடம் நேராகப் போய்ச் சொன்னேன்: "இனிமே நீங்க சத்தமாப் பாடாதீங்கப்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு."

அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த இருபத்தாறு வருஷமும் அப்படித்தான். அந்தப் புகைப்படத்தையும் எப்போதோ கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். எப்போது கழற்றினார் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

இனி வருவது உங்களில் சிலருக்கு நேரடியாகத் தெரிந்தது.

1995. நான் வேலை பார்த்த பள்ளியின் பெயரும் ஊரும் வேண்டாம். எட்டாம் வகுப்பு. 'ரோஜா' வந்து மூன்று வருஷம், 'காதலன்' வந்து சில மாதம். பையன்கள் எல்லாரும் பிரபுதேவா மாதிரி ஆடப் பார்த்தார்கள். நானோ இளையராஜா பைத்தியம். "இதெல்லாம் ஒரு பாட்டா? அண்டா குண்டானை மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி" என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். ரஹ்மானைப் பற்றி அன்று நான் சொன்னதெல்லாம் இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வகுப்பில் ஒரு பையன். படிப்பு சுமார். பாட்டு என்றால் உயிர். காதில் ஒரு தடவை விழுந்தால் போதும், அப்படியே பாடுவான். ஆண்டு விழாவில் பாடி ஆட அவனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். அதற்காகக் கழுத்து வரை முடி வளர்த்திருந்தான். நான் இரண்டு தடவை எச்சரித்தேன். விழாவுக்கு மட்டும் சார், அப்புறம் வெட்டிடுறேன் சார் என்று கெஞ்சினான்.

விழாவுக்கு நாலு நாள் முன்னால், காலை வழிபாட்டில் எல்லாரும் பார்க்க அவனை முன்னால் கூப்பிட்டேன். "இது பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டகையா?" என்று கேட்டேன். பாக்கெட்டிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுத்து, கூட இரண்டு பையன்களையும் காவலுக்கு அனுப்பி, ஒட்ட வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். தலை மொட்டையாக இல்லை, அதைவிட மோசமாக இருந்தது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆண்டு விழா அன்று அவன் பள்ளிக்கு வரவில்லை. அதன் பிறகு அந்த வகுப்பில் அவன் பாடி நான் கேட்கவே இல்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஒழுங்கை நிலைநாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் பாராட்டும் வாங்கினேன்.

கூத்துக் கொட்டகையைக் கேவலமாகச் சொன்ன நான், கூத்துக் கொட்டகை முருகனின் மகன். குளத்துக் கரையில் நடந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். ஐயா குடுமியை வைத்துக்கொண்டு அப்பாவின் கிராப்பை வழித்தார். நான் அரை இஞ்ச் கிராப்பை வைத்துக்கொண்டு மாணவனின் முடியை வழித்தேன்.

1998ல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அப்போதுதான் புத்தி வந்தது. புதுக்கோட்டையில் ஒரு கேசட் கடையில் சின்னப்பா பாட்டுக் கேசட் கிடைக்கிறதா என்று தேடிப் பிடித்து வாங்கி வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். விரல் மட்டும் போர்வை மேல் தாளம் போட்டது. பிறகு என்னைப் பார்த்தார்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவையேன்ப்பா" என்றார்.

கூட்டினேன். "நீங்களும் பாடுங்கப்பா" என்று சொல்ல நினைத்தேன். தொண்டையை அடைத்துக்கொண்டது, சொல்லவில்லை. பன்னிரண்டு நாளில் போய்விட்டார்.

இதையெல்லாம் அன்று ராத்திரி திண்ணையில் பேரனிடம் சொன்னேன். மறுநாள் அவனைக் குடுமியான்மலைக்குக் கூட்டிப் போனேன். என் மாணவர்கள் பலரை நான் அங்கே அழைத்துப் போயிருக்கிறேன், நினைவிருக்கும். குடைவரைக் கோயில் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. கிரந்த எழுத்தில் சுரங்களை வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்த மன்னர் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ருத்ராச்சாரியார் என்பவரின் சீடரான ஒரு மன்னர், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தார் என்று கல்வெட்டே சொல்கிறது.

உங்களை அழைத்துப் போனபோதெல்லாம் "எவ்வளவு பழமை பாருங்கள்" என்று மட்டும்தான் சொன்னேன். இந்தத் தடவை வேறு ஒன்று தோன்றியது. அந்தச் சுரங்கள் பாடப்பட்ட காலத்தில் அதுவும் யாரோ ஒரு பையனுக்குப் பைத்தியமாக இருந்திருக்கும். அந்தப் பாட்டு முறையும் ஒரு நாள் வழக்கொழிந்துதான் போனது. ஆனால் ஒரு ராஜா, தான் கற்றதை மாணவர்களுக்கு என்று சொல்லிக் கல்லில் எழுதி வைத்தார். நான் ஒரு வாத்தியார், மாணவனுக்கு ஐந்து ரூபாய் கொடுத்துச் சலூனுக்கு அனுப்பினேன்.

பேரன் பாறையைப் படம் எடுத்துக்கொண்டான். கிடாரைக் கொண்டு வந்திருந்தான். மண்டப நிழலில் உட்கார்ந்து, அந்த அமெரிக்கக் குழுக்களின் மெதுவான பாட்டு ஒன்றை வாசித்தான். எனக்கு அது பிடித்ததா என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், பாதிதான் பிடித்தது. ஆனால் கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன். "இன்னொண்ணு வாசி" என்று சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்போது அந்த மாணவனுக்கு. தம்பி, நீ இந்த முகநூலில் என் நட்புப் பட்டியலில் இருக்கிறாய். ஒவ்வொரு பொங்கலுக்கும் தவறாமல் "வணக்கம் சார்" என்று வாழ்த்து அனுப்புகிறாய். ஒரு தடவைகூட அந்த நாளைப் பற்றி நீ சொன்னதில்லை. உன் படத்தைப் பார்த்தேன். உன் தலையில் முடி கொட்டிப்போய்விட்டது. என் தலையிலும் ஒன்றும் மிச்சம் இல்லை. கணக்கு சரியாகிவிட்டது என்று சிரித்துக்கொள்ளலாம்தான். ஆனால் நான் வெட்டியது முடியை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் செய்த தவறுக்கு மன்னிப்பையும் எல்லார் முன்னாலும்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு. உன் பிள்ளைகளுக்காவது பாடிக் காட்டுகிறாயா? இல்லையென்றால் இன்றைக்கு ஆரம்பி. என்ன பாட்டாக இருந்தாலும் சரி.

என் மாணவர்களில் பலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள், பெற்றோர்களாக இருக்கிறீர்கள். பள்ளிக்கு ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடியை வெட்டச் சொல்வதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவன் கேட்கிற பாட்டை ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

உறவுக்காரர்களுக்கு ஒரு செய்தி. அப்பாவின் பெட்டியிலிருந்து அந்தப் புகைப்படத்தை எடுத்துவிட்டேன். ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது, முடிக்கு ஒன்றும் ஆகவில்லை! புதுச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டியாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் சிரித்தவர்கள் சின்னப்பா பாட்டு ஒன்றை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் காபி குடிக்க முடியும். சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பாட்டை நிறுத்திக்கொண்ட அப்பாவோ, தாத்தாவோ, அம்மாவோ இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். அவர்கள் உயிரோடு இருந்தால், எழுதுவதற்கு முன்னால் போய் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்.